மேட்ரனம்மாவின் மோதிர விரல்

செய்தியைக் கொண்டுவந்தவர் ஜோசப். அதியமான்கோட்டையில் ஹைவேஸ் ஓரமாக இருக்கும் என் மருந்துக்கடைக்கு நேர் எதிரில்தான் அவருடைய லாரிப் பட்டறை. காலையில் கடையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தேன். கிரீஸ் கையைத் துடைக்காமலேயே சாலையைக் கடந்து வந்து கவுண்டர் முன்னால் நின்றார்.

"மேட்ரனம்மா போயிட்டாங்கங்க. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போறாரு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பிரிஜித்தா வரமாட்டேங்குறா. நீங்க வந்து சொன்னாத்தான் உண்டு" என்றார்.

பிரிஜித்தா அவருடைய மனைவி. மேட்ரனம்மாவின் மகள். பெறாத மகள் என்று எழுத வேண்டும். ஆனால் அந்தச் சொல்லை வைத்துத்தான் அவர்கள் வாழ்க்கையில் அத்தனையும் நடந்தது என்பதால், இந்த இடத்தில் மகள் என்று மட்டும் எழுதுகிறேன்.

மேட்ரனம்மா என்று நாம் கூப்பிட்ட நோரா அம்மாளைப் பற்றி நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதும்படி பங்குச் சாமியார் என்னைக் கேட்டார். அயர்லாந்தின் மேற்குக் கரையில் கால்வே என்ற ஊரிலிருந்து இளம் வயதில் வந்து, ஏரியூர் சாலையில் இருக்கும் நம் சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில் கடைசிவரை தலைமை நர்ஸாக இருந்தவர். கன்னியர் சபையைச் சேர்ந்தவர் அல்ல. சம்பளத்துக்கு வேலை பார்த்த நர்ஸ். 'தாயுள்ளம் கொண்டவர்' என்று தொடங்கலாமே என்று சாமியார் யோசனை சொன்னார். அவரைத் தெரிந்த யாரும் அந்த வரியைப் படித்தால் மலரைக் கீழே வைத்துவிடுவார்கள். இதைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப்பேர் அவர் கையில் பிறந்தவர்கள், மீதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். இரண்டும் சேர்ந்தவர்களே அதிகம். நான் மருந்தாளுநராக அவருடன் பல வருடங்கள் வேலை செய்தவள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது பிரசவ வார்டு. வலியில் கத்துகிற பெண்கள், பக்கத்தில் நின்று அவர்களை ஏசுகிற மாமியார்கள், இவர்களிடமிருந்துதான் மொழி படித்தார். அதனால் வசவு முழுக்கத் தெரியும், மரியாதையாகப் பேசத் தெரியாது. பஞ்சாயத்துத் தலைவரிடமும் "வா, உக்காரு, கைய நீட்டு" என்றுதான் சொல்வார். பெண்கள் வலி தாளாமல் செத்துடுவேன் என்று அலறினால், "சாகமாட்ட. செத்தா நானே சொல்றேன். இப்ப முக்கு" என்பார். சிலரைத் தொடையில் அறைந்திருக்கிறார். எந்த நோயாளியிடமும் ஒருமுறைகூட 'சரியாயிடும்' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஏன் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லக்கூடாது என்று கேட்டேன். சரியாகாவிட்டால் அவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள் என்று திருப்பிக் கேட்டார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஏரியூருக்கு அப்பால் மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த பெண்ணுக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது. மறுநாள் உச்சி வெயிலில் கணவனின் தாய் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறினாள். பிள்ளை செத்துப்போய்விட்டது, புதைக்கக் கொண்டுபோகிறேன் என்று வாசலில் காவலாளியிடம் சொல்லியிருக்கிறாள். வார்டில் பெற்றவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மேட்ரனம்மா கேட்ட எதற்கும் பதில் சொல்லவில்லை. அந்த மௌனமே அவருக்குப் போதுமாக இருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு வேகமாக நடந்தார், நான் பின்னால் ஓடினேன். கிழவியின் கையிலிருந்த துணியைப் பிரித்தார். குழந்தை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கிழவியின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

டீக்கடையிலிருந்த ஆண்கள் எழுந்து வந்து எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். குழந்தையின் தகப்பனும் அதில் ஒருவன். எங்கள் பிள்ளையை நாங்கள் என்னவும் செய்வோம், வெள்ளைக்காரிக்கு இதில் என்ன வேலை என்று சத்தம் போட்டார்கள். மேட்ரனம்மா அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. கிழவியை மட்டும் பார்த்தார்.

"செத்துப்போச்சுன்னு சொன்ன இல்ல? அப்ப செத்தது என்னுது. நீ போ."

பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்கள். பெற்றவள் அன்று சாயங்காலம் தனியாக நடந்தே ஊர் திரும்பினாள். போகும்போது குழந்தையைப் பார்க்கக் கேட்கவில்லை. மேட்ரனம்மாவும் காட்டவில்லை.

தன் நாட்டுப் புனிதை ஒருவரின் பெயரைக் குழந்தைக்கு வைத்தார். நம் வாய்க்கு அது பிரிஜித்தா என்று ஆனது. அந்தப் புனிதையின் திருநாள் பிப்ரவரி பிறந்ததும் வரும். அவர் நாட்டில் அன்று நாணல் புல்லைப் பின்னி நான்கு கை கொண்ட சிலுவை செய்து வாசல் நிலையில் மாட்டுவார்களாம். இங்கே அவர் ஏரிக் கோரையை அறுத்துவரச் செய்து பின்னுவார். பிரிஜித்தா பக்கத்தில் உட்கார்ந்து கோரையை நனைத்து நனைத்துக் கொடுப்பாள். பார்க்கிறவர்களுக்கு அது அழகான காட்சி. ஆனால் அந்தப் பிள்ளை பாலைக் கொட்டினாலோ பாடத்தில் தவறு செய்தாலோ, மேட்ரனம்மாவின் வாய் யார் எதிரில் என்று பார்க்காமல், "உன் பாட்டி உன்னப் புதைக்கத் தூக்கிட்டுப் போனா. நான்தான் புடுங்கிட்டு வந்தேன்" என்று சொல்லும். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை இதைக் கேட்டுக்கொண்டு நிற்கும். முகத்தில் ஒன்றும் தெரியாது. உண்மையை மறைத்து வளர்த்தால் பின்னால் வேறு யாரோ சொல்லிக் காயப்படுத்துவார்கள் என்பது மேட்ரனம்மாவின் வாதம். அந்த வேலையை அவர் வேறு யாருக்கும் மிச்சம் வைக்கவில்லை.

இனி மோதிரம். அவர் வலது கையில் ஒரு தங்க மோதிரம் இருந்ததை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு கைகள் ஓர் இதயத்தைப் பிடித்திருக்கும், இதயத்தின் மேல் ஒரு கிரீடம் இருக்கும். பிரசவம் பார்க்கும் முன் அதைக் கழற்றிச் சட்டைப்பையின் உட்புறம் ஊக்கில் மாட்டிக்கொள்வார். இதுதான் உங்க ஊர்த் தாலியா என்று வார்டுப் பெண்கள் ஓயாமல் கேட்பார்கள். ஒரு மத்தியான வேளையில், வார்டில் வேலை ஓய்ந்திருந்தபோது, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து விளக்கம் சொன்னார். கால்வேக்குப் பக்கத்தில் கடலோரமாக கிளாடா என்று ஒரு மீனவர் குப்பம். மோதிரத்துக்கும் அதே பெயர். கைகள் நட்பு, இதயம் அன்பு, கிரீடம் விசுவாசம். தாலி மாதிரி புருஷன் கட்டுவதில்லை. தாய் தன் மூத்த மகளுக்குப் போட்டுவிடுவது. மகள் தன் மகளுக்குப் போடுவாள். இதயத்தின் கூர்முனை நகத்தைப் பார்த்திருந்தால் அவள் மனதில் யாரும் இல்லை. மணிக்கட்டைப் பார்த்திருந்தால் யாரோ இருக்கிறான். இடது கைக்கு மாறினால் கல்யாணம் ஆகிவிட்டது. அவ்வளவையும் ஒரு மோதிரம் ஊருக்குச் சொல்லிவிடும், வாய் திறக்க வேண்டியதில்லை.

தாய் கொடுத்த நகை தாய்வழியிலேயே நிற்கும் என்பது பெண்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. கொண்டுவந்த நகையெல்லாம் மாமியார் பெட்டிக்குள் போனவர்கள் அவர்கள். மோதிரம் எப்படி வந்தது என்று கதையும் கேட்டார்கள். அந்தக் குப்பத்து இளைஞன் ஒருவனைக் கடற்கொள்ளையர் பிடித்துப்போய் ஒரு தங்க ஆசாரிக்கு அடிமையாக விற்றுவிட்டார்கள். வருடக்கணக்கில் அங்கே வேலை கற்றவன், தன் ஊர்ப் பெண்ணை நினைத்து இந்த மோதிரத்தைச் செய்தான். விடுதலையாகி ஊர் திரும்பியபோது அவள் வேறு யாரையும் கட்டாமல் காத்திருந்தாள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மேட்ரனம்மா எழுந்துகொண்டே, "அவ காத்திருந்தா. அதனாலதான் அதக் கதையா சொல்றாங்க" என்றார்.

அவர் அந்த மோதிரத்தைப் பற்றிச் சொன்ன இன்னொன்றை இங்கே மழை பொய்த்த வருடத்தில் கேட்டேன். கஞ்சித் தொட்டி திறந்திருந்தார்கள். அவர் நாட்டில் முன்னொரு காலத்தில் உருளைக்கிழங்கு முழுக்க அழுகிப் பெரும் பஞ்சம் வந்ததாம். வீடு வீடாக மோதிரத்தை விற்றுக் கப்பலேறினார்களாம். அவர் குடும்பத்தில் விற்கவில்லை. அந்தப் பஞ்சத்தில் அவர்கள் வீட்டில் ஒரு குழந்தை பசியால் செத்தது, மோதிரம் இருந்தது. வீட்டில் பெரியவர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள் என்றார். உங்களுக்கும் பெருமைதானா என்று கேட்டேன். கஞ்சி வாங்க நின்ற பிள்ளைகளைப் பார்த்தபடி, எனக்குத் தெரியவில்லை மேரி, ஆனால் நான் அதைப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார்.

பிரிஜித்தா சிறுமியாக இருந்தபோது அந்த விரலைப் பிடித்து மோதிரத்தைச் சுற்றி விளையாடுவாள். இது யாருக்கு மம்மி என்பாள். "உனக்குத்தான். நான் செத்தப்புறம்" என்பார். அவருடைய மோதிரத்தில் இதயம் மணிக்கட்டைப் பார்த்துத்தான் இருந்தது. யார் என்று ஒருமுறை கேட்டேன். மருந்து எண்ணுகிற வேலையைப் பார் என்றார். வயது ஏற ஏற விரல் கணுக்கள் வீங்கிப்போய், மோதிரம் கழற்ற முடியாததாக ஆனது. பிரசவம் பார்ப்பதை இளம் நர்ஸுகளிடம் விட்டுவிட்டு மேற்பார்வையோடு நிறுத்திக்கொண்டார்.

இந்த எண்பதுகளின் தொடக்கத்தில் அவருடைய தங்கை ஐலீன் வந்தார். அத்தனை வருடத்தில் அவர் குடும்பத்திலிருந்து வந்த முதல் ஆள். வரப்போவதாகத் தந்தி வந்ததும் மேட்ரனம்மா முகம் இறுகிவிட்டது. பொம்மிடி ஸ்டேஷனுக்கு ஜீப்பில் போய் அழைத்துவந்தது நான்தான். அக்காவுக்கு நேர்மாறான பெண்மணி. மெல்லிய குரல், ஈரக் கண்கள். வார்டில் ஒவ்வொரு கட்டிலிலும் நின்று குழந்தைகளைத் தொட்டுத் தொட்டு அழுதார். ஆஸ்பத்திரி முழுக்க இரண்டே நாளில் அவர் மேல் உயிரை வைத்துவிட்டது. நானும்தான்.

சால்வையில் குத்திக்கொள்ளும் ஒரு வெள்ளி ஊசி கொண்டுவந்திருந்தார். வளையமும் அதில் நீள ஊசியுமாக இருக்கும்; வளையம் முழுக்க ஒரே கோடு பின்னிப் பின்னி ஓடும். பழங்காலத்தில் அவர்கள் நாட்டு அரச குலத்தார் அணிந்த நகையின் மாதிரி என்றார். அந்தக் கோட்டுக்குத் தொடக்கமும் இல்லை முடிவும் இல்லை, உயிர் மாதிரி, அன்பு மாதிரி என்று பிரிஜித்தாவிடம் விளக்கி, அதை அவளுக்கே குத்திவிட்டார். மேட்ரனம்மா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "எங்க வூட்டுச் சண்டையும் அப்படித்தான். அதச் சொல்லமாட்டா."

அடுத்த நாள் சாப்பாட்டு மேசையில் ஐலீன் வந்த காரியத்தைச் சொன்னார். மேட்ரனம்மா என்னை எழுந்து போகவிடவில்லை. சாட்சிக்கு ஒரு ஆள் இருக்கட்டும் என்று உட்காரவைத்தார். அவர்கள் பேசியது ஆங்கிலத்தில். ஐலீனின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மோதிரம் மகள்வழியில் போக வேண்டியது, நோராவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அம்மா சாகும்போதும் அந்த மோதிரத்தைக் கேட்டுக்கொண்டேதான் செத்தாள், இப்போதாவது கொடுத்துவிடு என்றார். அழுதுகொண்டேதான் கேட்டார். பேச்சு வளர்ந்தபோது எனக்கு மிச்சமும் விளங்கியது. டாம் என்பவருக்கு நோராவை நிச்சயம் செய்திருக்கிறார்கள். அம்மா அந்த மோதிரத்தை அப்போதுதான் போட்டுவிட்டிருக்கிறாள். பிறகு டாம் மனம் மாறித் தங்கையைக் கட்டிக்கொண்டார். கல்யாணத்துக்கு முன் அம்மா மோதிரத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறாள், தங்கைக்குப் போட. நோரா அதைக் கழற்றாமல் கப்பலேறிவிட்டார்.

"கைகளையும் இதயத்தையும் நீ எடுத்துக்கொண்டாய். மீதி என்னிடம் இருக்கட்டும்" என்றார் மேட்ரனம்மா.

ஒரு மகளிடம்தானே அது போக வேண்டும் என்றார் ஐலீன். மேட்ரனம்மா உள்ளே குரல் கொடுத்தார். பிரிஜித்தா தண்ணீர்க் கூஜாவோடு வந்தாள். இதோ மகள் என்றார். ஐலீன் அவளை அன்பாகப் பார்த்தார். அவள் கையைக்கூடத் தட்டிக்கொடுத்தார். பிறகு அதே மெல்லிய குரலில் அக்காவிடம், "நான் இரத்தத்தைச் சொன்னேன், நோரா" என்றார். பிரிஜித்தா கான்வென்டில் படித்த பெண். ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் புரிந்தது. கூஜாவை மேசையில் வைத்தாள், சால்வை ஊசியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள், உள்ளே போனாள்.

ஐலீன் வெறுங்கையோடுதான் திரும்பினார். வழியனுப்ப மேட்ரனம்மாவும் பொம்மிடிக்கு வந்தார். ரயில் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் வழியாக அக்காவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, கண் நிறையக் கண்ணீரோடு ஐலீன் சொன்னார்: "போன வருஷம் குளிர்காலத்தில் டாம் இறந்துவிட்டார். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இனி நீ மோதிரத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்."

ரயில் போய்விட்டது. மெல்லிய குரலில் பேசுகிறவர்களைப் பற்றி அன்றைக்கு முன் நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. வீட்டுக்கு வந்ததும் மேட்ரனம்மா குழாயடியில் நின்று சோப்பைப் போட்டு மோதிரத்தை இழுத்தார். கழற்றினால்தானே திருப்ப முடியும். கணுவைத் தாண்டவில்லை. தோல் உரிந்து நுரை சிவப்பாகிறவரை இழுத்தார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். "விடு. அது அங்கேயே இருந்து பழகிடுச்சு" என்றார். அந்த நிமிடத்தில் அவர் குரல் எனக்கு ஐலீனின் குரல் போலவே கேட்டது.

அதற்குப் பிறகு அவர் இன்னும் கடுமையானவர் ஆனார். நான் கடை வைத்து அதியமான்கோட்டைக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பதோடு சரி. பிரிஜித்தா ஆஸ்பத்திரியிலேயே சீட்டு எழுதும் வேலையில் இருந்தாள். ஆஸ்பத்திரி ஜீப்பைப் பழுது பார்க்க வந்துபோன ஜோசப்புக்கும் அவளுக்கும் பழக்கமானது. விவசாயக் குடும்பம், நம் பங்கைச் சேர்ந்தவர்கள்தான். பையனின் தாய்க்குச் சந்தோஷம். வெள்ளைக்காரம்மா வளர்த்த பெண், படித்த பெண். பூ வைக்க நாள் பார்த்தார்கள். பிரிஜித்தா மேட்ரனம்மாவிடம் வந்து சொன்னாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் பஸ் ஏறிப் போய் ஜோசப்பின் தாயைப் பார்த்தார். பிள்ளைகளும் உறவுக்காரர்களும் உட்கார்ந்திருந்த கூடத்தில், அந்தப் பெண் என் பெண் அல்ல, எந்தச் சாதியில் பிறந்தது என்று எனக்குத் தெரியாது, அதைப் பெற்றவர்களே புதைக்கத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று சொன்னார். ஒரு சொல்லும் பொய் இல்லை. கேட்டவர்கள் காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். பூ வைக்கும் பேச்சு அதோடு நின்றது. ஜோசப் தன் வீட்டாரை மீறிக்கொண்டு வந்தார். அவர் தாய் இன்றுவரை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பிரிஜித்தா புறப்பட்ட அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் அங்கே இருந்தேன். ஒரு துணிப்பை மட்டும் எடுத்துக்கொண்டாள். அழவில்லை.

"செத்தது உங்களுதுன்னு சொன்னீங்களாமே மம்மி" என்றாள். "செத்ததாவே இருக்கட்டும்."

அவள் போன பிறகு நான் மேட்ரனம்மாவிடம் சண்டை போட்டேன். பெற்ற தாய்கூடச் செய்யாததைச் செய்துவிட்டீர்கள் என்றேன். பெற்ற தாய்தான் அந்தப் பிள்ளையை விட்டுப்போனாள் என்பது சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மோதிரத்தைத் தடவிக்கொண்டே, "வூட்ட விட்டுப் போறவ திரும்ப மாட்டா மேரி. நான் திரும்பினேனா?" என்றார்.

அவள் திரும்பவில்லை. எனக்கு எதிரில்தான் குடியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்ப்பாள், எங்கே என்று கேட்கமாட்டாள். அங்கே போனால் மேட்ரனம்மாவும் அவளைப் பற்றிக் கேட்கமாட்டார். ஹைவேஸில் விபத்து ஏதும் உண்டா, தண்ணீர் வருகிறதா என்று ஊரை விசாரிப்பார். பிரிஜித்தாவுக்குக் குறைப்பிரசவமாகிப் பிள்ளை தங்காமல் போனபோது நான் போய்ச் சொன்னேன். எத்தனை மாதம் என்று மட்டும் கேட்டார். இரும்புச்சத்து மாத்திரை கொடு, உன் பெயரில் கொடு என்றார்.

சர்க்கரை அவருக்கு வெகுநாளாக உண்டு. சென்ற கோடையில் மோதிரத்துக்கு அடியில் புண் வந்து சீழ் பிடித்தது. விரல் கருத்துக்கொண்டே வந்தது. சேலத்திலிருந்து வாரம் ஒருமுறை வரும் சர்ஜன் பார்த்துவிட்டு, உடனே மோதிரத்தை வெட்டி எடுக்க வேண்டும், எடுத்தால் விரலைக் காப்பாற்ற ஒரு வாய்ப்பு உண்டு என்றார். எனக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தேன்.

"மோதிரத்த வெட்டாத. விரல எடு" என்றார் மேட்ரனம்மா.

சர்ஜன் இளைஞர். நோயாளிக்குப் புரியவில்லை என்று நினைத்து மறுபடியும் விளக்கினார். சர்க்கரை உடம்பில் விரலை எடுத்தால் அந்தப் புண் ஆறுவது நிச்சயமில்லை, உயிருக்கே வினையாகலாம் என்றார். நீ பிறக்கும் முன்பிருந்தே நான் புண் கட்டுகிறேன் என்றார் இவர். நான் கெஞ்சினேன். ஒரு மோதிரம்தானே, ஆசாரி அரை மணியில் பற்றவைத்துத் தருவான் என்றேன். எங்கள் வீட்டில் அது ஒருபோதும் வெட்டுப்பட்டதில்லை, பிரிஜித்தாவுக்கு முழுசாகப் போக வேண்டும் என்றார். அவளைக் கூப்பிடவா என்று கேட்டேன். "கூடாது. விரலக் காட்டி அவள இழுக்காத. நான் செத்தப்புறம் குடு" என்றார்.

மரத்துப்போக ஊசி போட்டு அடியோடு எடுத்தார்கள். நான் அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கணுவைத் தாண்டவே தாண்டாத மோதிரம் அடிப்பக்கமாகத் தானாக நழுவித் தட்டில் விழுந்தது. சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பிப் பார்த்தார். கழுவி உன் பையில் போட்டுக்கொள் என்று எனக்குச் சொன்னார். பிறகு சர்ஜனிடம், கையை அவசரமில்லாமல் தைக்கச் சொன்னார்.

சர்ஜன் பயந்தபடியே ஆனது. புண் ஆறவில்லை, விஷம் மேலே ஏறியது. கடைசி நாட்களில் தமிழ் மறந்து தன் ஊர்ப் பேச்சில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார் என்று நர்ஸுகள் சொன்னார்கள். யாரை என்று எங்களுக்குத் தெரியாது.

ஜோசப் வந்து சொன்ன அந்தக் காலையில் சாலையைக் கடந்து போனேன். பிரிஜித்தா அடுப்பில் சோறு கொதிக்கவிட்டு நின்றிருந்தாள். திரும்பாமலேயே, "நான் வரலீங்க அக்கா. என்னக் கூப்பிடாதீங்க" என்றாள். கூப்பிட வரவில்லை, இதைக் கொடுக்க வந்தேன் என்று மோதிரத்தை மேடைமேல் வைத்தேன். திரும்பிப் பார்த்தாள். எப்படிக் கழற்றினார்கள், அது கழறாதே என்று கேட்டாள். இறந்தவர் விதித்த தடை முடிந்துவிட்டதால், நடந்ததைச் சொன்னேன்.

சோற்றை இறக்கி வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு எங்களோடு புறப்பட்டாள்.

ஆஸ்பத்திரிக் கோயிலில் பெட்டியை மூடாமல் வைத்திருந்தார்கள். இல்லாத விரல் தெரியாதபடி வலது கையை இடது கைக்கு அடியில் மடித்து ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். பிரிஜித்தா ஜெபமாலையைப் பிரித்தாள், வலது கையை வெளியே எடுத்தாள், கட்டுப்போட்ட இடத்தைப் பார்த்தாள். கூடியிருந்தவர்கள் அவள் கதறுவாள் என்று எதிர்பார்த்தார்கள். "பைத்தியக்காரி" என்றாள்.

தங்கைக்குத் தந்தி கொடுத்தோம். பதில் தந்தி எனக்கு வந்தது. ஆழ்ந்த துயரம் தெரிவித்திருந்தார், மோதிரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டிருந்தார். சாலையைக் கடந்து போய் அதைப் பிரிஜித்தாவிடம் படித்துக் காட்டினேன். அவள் மோதிரத்தைப் போட்டிருந்தாள். உழைத்துத் தடித்த கை அவளுடையது. எந்த விரலிலும் நுழையாததால் தர்மபுரி ஆசாரியிடம் கொடுத்து, வெட்டி, நடுவில் கொஞ்சம் நம் ஊர்ப் பொன் சேர்த்துப் பற்றவைத்திருந்தாள். பற்றவைத்த கோடு நிறம் மாறிப் பளிச்சென்று தெரிந்தது. எதைத் தடுக்க ஒருத்தி விரலையும் உயிரையும் கொடுத்தாளோ, அது ஒரு மத்தியானத்தில் நடந்து முடிந்திருந்தது. வெட்டலாமா என்று என்னிடம் கேட்டிருக்கக்கூடாதா என்றேன். வெட்டாமல் பெட்டியில் வைத்து என்ன செய்வது என்றாள். இதயம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்தேன். அவள் அதைப் பார்த்துப் போட்டதாகவே தெரியவில்லை.

தந்திக்கு என்ன பதில் எழுதட்டும் என்று கேட்டேன்.

"மோதிரம் மககிட்ட இருக்குதுன்னு எழுதுங்க" என்றாள் பிரிஜித்தா. அப்படியே எழுதி அனுப்பினேன்.

எனக்கு அவர் எதையும் விட்டுப்போகவில்லை. ஒரு படம்கூட என்னிடம் இல்லை. நான் வைத்திருப்பது அவருடைய நாக்கு. அது எப்போது என் வாய்க்குள் வந்தது என்று தெரியாது. என்னைக் கட்டிக்கொண்டவரும் வாடிக்கைக்காரர்களும் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். போன வாரம் ஒருவர் மனைவிக்கு எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டு, பாதி மாத்திரை போதும், பெத்தது பொட்டப்புள்ளைதானே என்று சிரித்தார். நான் அவருக்குச் சொன்ன பதிலைக் கோயில் மலரில் எழுத முடியாது. வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் தம்ளரை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆள் இனி என் கடைக்கு வரமாட்டார். ஆனால் அன்றைக்கு முழு மாத்திரையையும் வாங்கிக்கொண்டுதான் போனார்.